"உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்பதற்கு முன்னால்

பத்தாண்டுகளுக்கு முன்னால், ஒரு சுகாதாரக் கணக்கெடுப்புக்காக, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கேள்வித்தாளோடு நின்றிருந்தேன். பழம் பறிக்கும் பருவம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவிடம், "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். இடுப்புப் பையில் இருந்த பழத்தைச் சாக்கில் கொட்டியபடியே, "அதெல்லாம் கீழ சேலத்துல இருக்கறவங்க பண்றது கண்ணு. எங்களுக்குச் செமை தூக்கவே பொழுது பத்தல" என்றார். நான் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அந்தக் குறி தவறு என்பது அன்று மாலை, மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று வகுத்திருக்கும் 16 கேள்விகள் கொண்ட படிவத்தில், வேலையின்போது செய்யும் உழைப்பு, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்தோ மிதிவண்டியிலோ போவது, ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சியும் விளையாட்டும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, இறுதியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் கேட்பார்கள். அந்த முறையில் கேட்டிருந்தால், அந்த அம்மா அன்று நான் சந்தித்த எல்லோரையும்விட அதிகமாக உடலை இயக்குபவராகத்தான் பதிவாகியிருப்பார். "உடற்பயிற்சி" என்ற ஒற்றைச் சொல்லை நாங்கள் பயன்படுத்தியதால் அவருடைய மலையேற்றமும் மூட்டையும் கணக்கிலிருந்து காணாமல் போயின.

நம் ஊருக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருந்தாதது என்பதற்குச் சான்று வேண்டுமானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி 54.4 சதவீதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள்; ஓய்வு நேரத்தில் உடலை இயக்கும் எதையேனும் செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, நம்மில் யார் உடலை இயக்கினாலும் பெரும்பாலும் அது பிழைப்புக்காகவோ போக்குவரத்துக்காகவோதான். இருந்தும் நம்முடைய விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் விளையாட்டுக் காலணி அணிந்த ஒருவர் பூங்காவில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொன்னவுடன், "உழைப்பாளிக்கு எதற்குப் பயிற்சி, உழைப்பே மருந்து" என்று நண்பர்கள் சிலர் கருத்துப் பெட்டிக்கு வந்துவிடுவார்கள் என்பதால் அதையும் பேசிவிடுகிறேன். விஷயம் அவ்வளவு எளிதில்லை. டென்மார்க்கின் ஆய்வாளர் ஆந்திரியாஸ் ஹோல்டர்மன் முதலானோர் பல ஆண்டுகளாக எழுதிவரும் ஒரு முரண்பாடு இருக்கிறது: ஓய்வு நேர இயக்கம் இதயத்துக்கு நன்மை செய்கிறது, வேலையிடத்துக் கடும் உழைப்பு அந்த நன்மையைத் தருவதாகத் தெரியவில்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், வேலையில் அதிக உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, குறைந்த உழைப்பு உள்ளவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. வறுமையும் புகைப்பழக்கமும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், நாள் முழுவதும் பாரம் சுமந்து, நினைத்தபோது உட்கார முடியாமல், மணிக்கணக்கில் இரத்த அழுத்தம் ஏறியே இருக்கும் உடலையும், அரை மணி நேரம் விரைந்து நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும் உடலையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது எனக்குப் புரிகிறது. காப்பித் தோட்டத்து அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வும் சற்றே எடை குறைந்த சாக்கும். "நடங்கள்" என்று எழுதிய துண்டறிக்கையைத்தான் நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே கணக்கெடுப்பில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கும் போனேன். அங்கே நிலைமை நேர் எதிர். காலை எட்டு மணிக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், சோற்றுக்கு எழுவதைத் தவிர, இருட்டும் வரை பற்றவைக்கும் வேலை. "மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாமே அண்ணா?" என்றேன். "முடிக்கிற உருப்படிக்குத்தாங்க கூலி. எந்திரிச்சுச் சுத்திட்டு வந்தா வூட்ல யாருங்க பதில் சொல்றது?" என்றார். சர்க்கரை வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மருத்துவர் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

உடலியக்கத்தைப் பற்றிய நவீன ஆய்வு தொடங்கியதே ஒரு வேலையிடத்தில்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார், நடத்துநர் சுமார் 600 படிகள் ஏறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்றும், வந்தாலும் பிந்தியே வந்தது என்றும் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது இதற்கு அடுத்த காரியம். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனானவர்களாக இருந்திருந்தால் தன் முடிவு என்னாவது என்ற ஐயத்தில், போக்குவரத்துக் கழகம் தைத்துக் கொடுத்த சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதையும் 1956ஆம் ஆண்டில் மறைக்காமல் வெளியிட்டுவிட்டு, பருமனைக் கணக்கில் கொண்டு மேலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த நடத்துநர்கள் யாரும் உடல்நலத்துக்காகப் படி ஏறவில்லை. சீட்டுக் கொடுக்க ஏறினார்கள்.

வேலையோடு வேலையாக நடக்கும் இப்படிப்பட்ட இயக்கத்தை மறந்துவிடுவதுதான் நம் ஊரின் கொள்கையில் எனக்குக் குறையாகப் படுகிறது. 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அடையாளம் காட்டியது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 8 கிலோமீட்டரை அடைய விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுக்க வேண்டியவர்களே அதிகம்; ஐந்தரை மணிக்குச் சமையலறையில் நிற்கும் பெண்களுக்கு அது வேற்றூர். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டில், இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் ஆண்களில் 42 சதவீதமாகவும் பெண்களில் 57 சதவீதமாகவும் இருப்பதை, மன உறுதிக் குறைவு என்று நான் படிக்க மாட்டேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் 600 மீட்டர். நடைபாதை என்று பெயருக்கு இருப்பதில் மின்மாற்றி ஒன்று, திறந்த சாக்கடைப் பலகை இரண்டு, தட்டுவடைக் கடை ஒன்று. (தட்டுவடைக் கடையை எடுக்கச் சொல்ல மாட்டேன், அது இருப்பதால்தான் இரவு எட்டு மணிக்கும் அந்தத் தெருவில் பெண்கள் நடக்கிறார்கள்.) சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற நடைபாதை வேண்டும் என்கிறது. என் அம்மா அந்த 600 மீட்டருக்கு ஆட்டோ பிடிக்கிறார். அவரிடம் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி எடுத்துவைத்து நடப்பதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை; அந்த எண்ணே 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிகளுக்குள்ளேயே இறப்பு அபாயம் குறைவது ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது என்று 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடங்களாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. ஆகவே பேருந்து நிறுத்தத்துக்கும் காய்கறிக் கடைக்கும் நடக்கும் சின்னச் சின்ன நடைகளெல்லாம் இப்போது கணக்கில் சேரும். தெருதான் சேர விடுவதில்லை.

இந்த நோக்கில் பார்த்தால், தமிழ்நாட்டின் பெரிய உடலியக்கத் திட்டங்கள் சுகாதாரத் துறைக்கு வெளியே இருக்கலாம் என்று தோன்றுகிறது. 11ஆம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டிலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துபவர்கள் அதனால் மட்டும் நாளொன்றுக்கு 8 முதல் 33 நிமிடங்கள் வரை கூடுதலாக நடக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டியது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் உடலை இயக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண் இல்லை. சேலத்தில் இலவசப் பேருந்தில் ஏறும் பெண் முன்பு நடந்த தூரத்தையும் இப்போது பேருந்தில் போகிறாரா, அல்லது முன்பு வீட்டிலேயே இருந்தவர் இப்போது நிறுத்தம் வரை நடக்கிறாரா என்ற கேள்வி எனக்குச் சுவரொட்டிகளைவிட முக்கியமாகப் படுகிறது.

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, மாற்றம் நிகழ்வதற்கு முந்தைய கணக்கு தேவை. பெரும்பாலும் பாதை போட்ட பிறகுதான் ஆய்வாளர்கள் வருகிறார்கள். முன்பு எத்தனை பேர் நடந்தார்கள் என்பதைச் சொல்ல யாரிடமும் தாள் இருப்பதில்லை. எங்கள் தெருவில் சாக்கடை வேலை முடிந்ததும் புதிய நடைபாதை வரப்போவதாகச் சொல்கிறார்கள். அதனால் நானும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியும் சென்ற மூன்று வாரங்களாக, செவ்வாயும் ஞாயிறும் மாலை ஐந்து முதல் ஏழு வரை, தட்டுவடைக் கடைப் பலகையில் உட்கார்ந்து, நடந்து போகும் ஆண், பெண், முதியவர், குழந்தை என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துவருகிறோம். என் அம்மா இதுவரை ஒருமுறைகூட அந்த நோட்டில் வரவில்லை. பாதை போட்ட பிறகு அதே நாள்களில், அதே பலகையில் உட்கார்ந்து மறுபடியும் எண்ணுவோம். செவ்வாய்ப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ இதேபோல் தெரு மாறப்போகிறது என்றால், வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள், நோட்டோடு வருகிறேன்.