பாய்லர் பார்க்க வந்த அப்பா

(அமெரிக்காவின் சியாட்டில் நகரம், கேஸ் ஒர்க்ஸ் பார்க். 35 வருடம் பாய்லர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும், அவரை ஊர் சுற்றிக் காட்டும் மகனும்.)

அப்பா: பூங்கா என்று சொல்லிவிட்டு ஆலைக்குக் கூட்டி வந்திருக்கிறாயே. வேலிக்குள் எல்லாம் துரு!

மகன்: இதுதான் பூங்கா, அப்பா. 1906-இல் வந்த கேஸ் ஆலை. நிலக்கரியிலிருந்து கேஸ் எடுத்து ஊருக்குக் கொடுத்தார்கள். இயற்கை எரிவாயு குழாயில் வந்ததும் 1956-இல் மூடிவிட்டார்கள்.

அப்பா: மூடியவன் ஏன் கழற்றவில்லை? இந்த ஊரில் பழைய இரும்புக்காரனே கிடையாதா?

மகன்: கழற்றத்தான் பார்த்தார்கள். ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர் விடவில்லை. போராடி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். 1975-இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

அப்பா: ஒரு பழைய மிக்ஸியை வைத்துக்கொள்ள உன் அம்மா விடமாட்டேன் என்கிறாள். அந்த மனுஷரை அவளிடம் பேசச் சொல்லியிருக்கலாம்.

மகன்: அதோ மேஜை போட்டிருக்கிறதே, அது பழைய பாய்லர் வீடு. இப்போது அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அப்பா: நானும்தான் 35 வருடம் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எவனாவது போட்டோ எடுத்தானா? டேய், கம்ப்ரஸருக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, பிள்ளைகளை விளையாட விட்டிருக்கிறான்! எங்கள் ஆலையில் கை வைத்தாலே மெமோ.

மகன்: வாருங்கள், மேட்டில் ஏறலாம். இதுகூட இடித்த கட்டட இடிபாட்டைக் குவித்து, மேலே மண் போட்டதுதான்.

அப்பா: (மூச்சு வாங்கியபடி) குப்பைமேடு என்று நேராகச் சொல்லேன். அட! ஏரி, அந்தப் பக்கம் ஸ்பேஸ் நீடில் கோபுரம்... பிளேன் தண்ணீரில் இறங்குகிறதடா! அப்புறம் கீழே போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம்.

மகன்: கூடாது. ஆலைக் கழிவு இன்னும் ஏரிச் சேற்றில் கிடக்கிறது. இறங்கத் தடை.

அப்பா: தார் அவ்வளவு சீக்கிரம் போகுமா? என் பழைய சட்டையைக் கேள்.

மகன்: சரி, இங்கே நில்லுங்கள். இது சூரியக் கடிகாரம். நிற்கிற ஆள்தான் முள். உங்கள் நிழல் எங்கே விழுகிறதோ, அதுதான் மணி.

(அப்பா வயிற்றை உள்ளே இழுத்து விறைப்பாக நிற்கிறார். ஐந்து நிமிடம் போகிறது.)

அப்பா: நிழலைக் காணோமே?

மகன்: மேகம் விலக வேண்டும், அப்பா.

அப்பா: எப்போது விலகும்?

மகன்: இந்த ஊரில்... ஜூலையில்.

அப்பா: அதுவரை நானே நிற்க வேண்டுமா, இல்லை அடுத்த ஷிஃப்டுக்கு ரிலீவர் வருவானா?