ஸ்ரீஸ்ரீக்குப் பிந்தைய தெலுங்குக் கவிதை குறித்து

1983இல் கவிஞர் ஸ்ரீஸ்ரீ மறைந்தபின் தெலுங்கில் குறிப்பிடத்தக்க கவிதைத் தொகுப்பு எதுவும் வரவில்லை என்று ஒரு நண்பர் எழுதியுள்ளார். மன்னிக்கவும், அது சரியன்று. தெலுங்குக்கான சாகித்திய அகாதெமி விருது 2016இல் பாப்பினேனி சிவசங்கரின் ‘ரஜனீகந்த’, 2017இல் தேவிப்ரியாவின் ‘காலி ரங்கு’, 2020இல் நிகிலேஸ்வரின் ‘அக்னிஸ்வாச’, 2021இல் கோரட்டி வெங்கன்னாவின் ‘வல்லங்கி தாளம்’ ஆகிய கவிதை நூல்களுக்கு வழங்கப்பட்டது. தெலங்கானாவின் நாட்டுப்பாடல் மரபிலிருந்து எழுந்து வந்த வெங்கன்னா இவ்வரிசையில் இடம்பெற்றது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஐயமுள்ளவர்கள் அகாதெமியின் இணையதளத்தில் விருதுப் பட்டியலைத் திறந்து, தெலுங்குப் பகுதியைப் பார்க்கலாம். நூற்பெயருக்கு அருகிலேயே அது கவிதையா, நாவலா, விமர்சனமா என்று குறிக்கப்பட்டிருக்கும். நூல்களை வாங்க விரும்புவோர் ஆண்டுதோறும் நடைபெறும் ஹைதராபாத், விஜயவாடா புத்தகக் கண்காட்சிகளில் விசாரிக்கலாம்.