கிரைம் இசையை அமெரிக்க ராப்பின் வாலாக்காதீர்கள்

லண்டனின் கிரைம் (Grime; குற்றம் என்கிற 'கிரைம்' அல்ல) இசையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே "அதாவது, பிரிட்டிஷ் ஹிப்ஹாப்" என்று விளக்கம் வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

கேட்டாலே வித்தியாசம் தெரியும். அந்தக் காலத்து அமெரிக்க ராப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 தாளத்தை ஒட்டி நடக்கும். கிரைம் 140இல் ஓடும். 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் போ (Bow) பகுதிப் பையன்கள் யுகே கராஜ், ஜங்கிள் என்ற பிரிட்டிஷ் நடன இசை வகைகள், ஜமைக்க டான்ஸ்ஹால் இசை எல்லாவற்றையும் கலந்து உருவாக்கியது இது. கையில் இருந்தது ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற இசை மென்பொருள் ஏற்றிய கம்ப்யூட்டர். மேடை? அடுக்குமாடிக் கூரையில் ஏரியல் கட்டி உரிமமில்லாமல் ஒலிபரப்பிய வானொலிகள். அவற்றில் ஒன்றான ரின்ஸ் எஃப்எம்முக்கு உரிமம் கிடைத்ததே 2010இல்தான். மைக் பிடித்தவர்கள் தங்களை ராப்பர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, எம்சி என்றார்கள். ஒரு வரி கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் டிஜே இசைத்தட்டைப் பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து போடுவார். 'ரீலோட்' என்கிற அந்த வழக்கம் ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகளோடு தெருவில் இசை போடும் 'சவுண்ட் சிஸ்டம்' குழுக்களில் இருந்து வந்தது.

பேச்சும் அந்தத் தெருவின் பேச்சுதான். 2003இல் பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு வாங்கியபோது கிரைம் எம்சி டிஸ்ஸி ராஸ்கலுக்கு 18 வயது. நியூயார்க் உச்சரிப்பைக் கடன் வாங்காமல் போ பையனாகவே பாடியிருந்தார். இன்னொரு எம்சி கேனோ ஈஸ்ட் ஹாம்காரர். ஆமாம், நம் ஆட்கள் கடை போட்டிருக்கும் அதே ஈஸ்ட் ஹாம்.

அமெரிக்க வாடையே இல்லை என்று சொன்னால் அது பொய். பிராண்டு மோகம் இங்கும் இருந்தது. கிரைம் எம்சி ஸ்கெப்டா 2014இல் ஆடம்பர பிராண்டான கூச்சி (Gucci) உடைகளைத் தூக்கிப் போட்டதாகப் பாடி, 80 பவுண்டில் வீடியோ எடுத்தார் என்பார்கள். அப்புறம் 2015இல் பிரிட்டிஷ் இசைக்கான பிரிட் விருது மேடையில் அமெரிக்க ராப்பர் கன்யே வெஸ்ட் கிரைம் கலைஞர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பாடினார். அதை ஏதோ பட்டாபிஷேகம் மாதிரி எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். அதே காலத்தில் லண்டன் போலீஸ் '696' என்ற படிவத்தை வைத்து இசை நிகழ்ச்சிகளை வடிகட்டிக்கொண்டிருந்தது. 2005இல் வந்த அந்தப் படிவம் ஆரம்பத்தில் ரசிகர்கள் எந்த இனத்தவர் என்றுகூடக் கேட்டது. ஒழிந்தது 2017இல். தன் ஊரைப் பாடியவனுக்கு அந்த ஊரிலேயே மேடை கிடைக்கவில்லை. உள்ளூர் அடையாளம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதை.

உறவு பார்த்தே ஆக வேண்டுமா? சரி. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஹிப்ஹாப்பைத் தொடங்கி வைத்த கூல் ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அப்படியானால் இரண்டும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஒன்று இன்னொன்றுக்குப் பிறந்ததில்லை.

இன்னொரு உதாரணம்: சிகாகோவில் பிறந்த டிரில் என்ற ராப் வகை தெற்கு லண்டனுக்கு வந்து உருமாறி, திரும்ப அமெரிக்காவுக்கே போனது. 2019இல் நியூயார்க் புரூக்ளினின் ராப்பர் பாப் ஸ்மோக் பெயர் வாங்கியது லண்டன்காரர் 808மெலோ போட்ட பீட்டில். அதற்காக பாப் ஸ்மோக்கை யாரும் 'லண்டன் ராப்பர்' என்று அழைக்கவில்லையே!