தாய்க்கு நோய், மகளுக்குச் சான்றிதழ்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. வீட்டுக்குள் வெள்ளம் வந்ததற்குச் சான்று கொண்டுவா என்று எந்த மாணவரையும் யாரும் கேட்கவில்லை. ஊருக்கே வந்த துன்பத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை, ஒரு வீட்டுக்கு மட்டும் துன்பம் வரும்போது கிடைப்பதில்லை.

பருவத் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான காண்டனேஷன் கட்டணமும் கட்டி ஹால் டிக்கெட் வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் மாணவரின் சொந்த உடம்புக்கு மட்டுமே செல்லும். முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், தாயை டயாலிசிஸுக்காக பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும், தாயின் கணக்கில் பீடிக் கம்பெனியில் வாங்கிய இலைக்கும் புகையிலைத் தூளுக்கும் பீடி சுற்றிக் கொடுப்பதுமாக இருந்ததில் வருகை குறைந்துபோனது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அவர் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டியபோது, நோயாளியின் பெயர் வேறு என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு தமக்கே மஞ்சள் காமாலை என்று ஒரு சான்றிதழ் வாங்கிவந்தார், மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். (கல்லூரிக் கோப்புகளை நம்பினால், நம் பக்கம் செமஸ்டர் முடிவில் மட்டும் மஞ்சள் காமாலை பரவுகிறது என்றுதான் எண்ண வேண்டும்.) உண்மையைச் சொன்ன பெண்ணைப் பொய் சொல்ல வைத்த விதியைத்தான் நாம் கண்டிப்பு என்று மெச்சிக்கொள்கிறோம்.

விலக்கு தருவது புதிய வழக்கமும் அன்று. பெண் மாணவர்களுக்கு மகப்பேறு விடுப்பும் வருகையில் தளர்வும் தரும் விதிகளை வகுக்குமாறு 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதுபோல, குடும்பத்தாரின் நோய்க்கு எந்தக் காகிதம் செல்லும், யாரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் விதியாக எழுதிவைக்கலாம்; துறைத் தலைவரின் அன்றைய மனநிலையை அது நம்பியிருக்கக் கூடாது.

இடம் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்கிறார்கள். காய்ச்சலே வராதவர்கள் இப்போதும் சான்றிதழோடு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கக் கூசுகிறவர்கள்தான் பேசாமல் படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

விதி மாறும்வரை மாணவர்கள் ஒன்று செய்யலாம்: ஹால் டிக்கெட் தரும் வாரம்வரை காத்திராமல், வீட்டில் சிக்கல் தொடங்கியதுமே கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.