'மாதொருபாகன்' தடை செய்யப்பட்ட நூலா?

மதுரைக் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை நீதிமன்றம் தடை செய்துவிட்டது. நூலகத்தில் வைத்திருந்தால் நூலகர் மீது வழக்கு."

இது தவறு. நடந்தது இதற்கு நேர் எதிர்.

2010-இல் வெளியான நாவல் அது. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்தினார்கள். நூலைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியர் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. வதந்திக்கு விதை அநேகமாக இதுதான். ஆனால் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அமர்வு, அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. தடை கோரிய மனுவையும் தள்ளுபடி செய்தது. பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம், கட்டாயம் ஒன்றுமில்லை என்பதையும் தீர்ப்பிலேயே சொன்னது.

சரி, ஒரு மாநில அரசு நூலைத் தடை செய்வது எப்படி? காரணத்தைக் குறிப்பிட்டு, நூலைப் பறிமுதல் செய்வதாக அறிவிக்கை வெளியிட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு; 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு. அதையும் எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். ஃபார்வர்டு மெசேஜுக்கு அந்த அதிகாரம் கிடையாது!

பாடத்திட்டத்திலிருந்து ஒரு நூலை எடுப்பதும் தடை அல்ல. 2020-இல் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலொன்றைப் பாடத்திலிருந்து நீக்கியது. மோசமான முடிவுதான். ஆனால் கடையில் விற்கவோ நூலகத்தில் வைக்கவோ அதனால் தடை வரவில்லை.

உங்கள் நூலகரிடம் யாராவது "எடுத்துவிடுங்கள்" என்றால், அரசு அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் கேட்கச் சொல்லுங்கள்.