ஒரு மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்: ஓல்ட் சேரம் தொகுதியின் வரலாறு

பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றைக் கொஞ்சமாவது படித்தவர்கள் ஓல்ட் சேரம் என்ற பெயரை எங்காவது ஒரு வரியில் கடந்து வந்திருப்பார்கள். குடியிருப்பே இல்லாத ஒரு மண்மேடு 1832 வரை காமன்ஸ் சபைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது என்பதுதான் அந்த வரி. பாடநூல்கள் அதை ஒரு விசித்திரச் செய்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் சீர்திருத்தச் சட்டத்துக்குப் போய்விடுகின்றன. அப்படிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைய ஆட்சிமுறை எதன்மேல் நின்றதோ அது எந்தத் திரையும் இல்லாமல் தெரிந்த இடம் ஓல்ட் சேரம். நாடாளுமன்றத்தில் ஓர் இடம் என்பது வாங்கவும் விற்கவும் மகனுக்கு எழுதிவைக்கவும் கூடிய சொத்து என்பதே அந்த அடிப்படை. அந்தச் சொத்து கைமாறிய கதையில் சென்னைக்கும் ஆர்க்காட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நேரடியான பங்கு இருக்கிறது என்பதால், தமிழ் வாசகர்கள் இதை அடுத்த வீட்டுச் சமாச்சாரமாக ஒதுக்கிவிட முடியாது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் வில்ட்ஷயர் மாவட்டத்தில், இன்றைய சாலிஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் அந்த மேடு இருக்கிறது. இரும்புக் காலத்திலேயே அகழியும் மண்கரையும் கொண்ட அரணாக இருந்த இடம். நார்மானியர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1086இல் முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலவுடைமையாளர்களை அங்கே வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கினார். 1092இல் பேராலயமும் எழுந்தது. ஆனால் மேட்டின் மேல் தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று, கோட்டைக் காவலர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் இடையே தீராத பிணக்கு. கடைசியில் ஆயர் ரிச்சர்ட் புவர் 1220இல் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் போன இடத்துக்குச் சந்தை போயிற்று, சந்தைக்குப் பின்னால் சனங்கள் போனார்கள். பழைய பேராலயத்தின் கற்களைப் பெயர்த்தெடுத்துக்கொள்ள 14ஆம் நூற்றாண்டில் அரசரே அனுமதி தந்தார்; 16ஆம் நூற்றாண்டில் கோட்டையின் கற்களுக்கும் அதே கதி நேர்ந்தது. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது. உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் மேட்டிலேயே தங்கிவிட்டது. கீழே வளர்ந்த சாலிஸ்பரிக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த உரிமை எப்படிப் பிழைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே வாக்குரிமை மனிதர்களுக்கு உரியதாக இல்லை. பர்கேஜ் எனப்பட்ட சில பழைய மனைக்கட்டுகளுக்கு உரியதாக இருந்தது. மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை, அங்கே யாரும் வாழ வேண்டியதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாக்காளர். ஆகவே, மனைகள் அனைத்தையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி முழுவதும் அவருடையது. தேர்தல் வரும்போது நம்பிக்கையான சிலர் பெயருக்கு மனைகளை எழுதிக்கொடுப்பார். அவர்கள் வந்து வாக்களித்துவிட்டு, வேலை முடிந்ததும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வாக்காளர்களின் எண்ணிக்கை கடைசிக் காலத்தில் ஒரு டஜனைக்கூட எட்டவில்லை. அவர்களில் ஒருவரும் அந்த மேட்டில் குடியிருக்கவில்லை.

தேர்தல் நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மேட்டுக்குக் கீழே, ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமத்தை ஒட்டிய வயலில் ஓர் எல்ம் மரம் நின்றது. நாடாளுமன்ற மரம் என்றே அதற்குப் பெயர்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது நின்றது. தேர்தல் நாளில் அதனருகே ஒரு கூடாரம் அடிப்பார்கள். தேர்தல் அதிகாரி அரச ஆணையை வாசிப்பார். அதைத் தொடர்ந்து, வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று சொல்லும் 1729ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உரக்க வாசித்தாக வேண்டும் என்பது விதி. தொகுதி முழுவதையும் ஒரே ஆள் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் இடத்தில், அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தோடு வந்து நிற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு முன்னால், அந்தச் சட்டம் முறைப்படி வாசிக்கப்பட்டது. ஒரு வாக்குக்குப் பணம் கொடுத்தால் குற்றம். வாக்குகள் முளைக்கும் நிலத்தையே வாங்கினால் அது நியாயமான கிரயம். சட்டத்தின் இந்த ஓட்டையை யாரும் தவறிப்போய் விட்டுவைக்கவில்லை. சட்டம் இயற்றிய சபையிலேயே பலர் இதே வழியில் வந்து உட்கார்ந்தவர்கள்.

இனி அந்த நிலத்தை வாங்கியவரைப் பற்றிப் பேசலாம். 1690ஐ ஒட்டி சாலிஸ்பரி பிரபுவின் குடும்பத்திடமிருந்து ஓல்ட் சேரத்தை வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்கக் கடற்கரையில் திருட்டு வணிகம் செய்து பணம் சேர்த்தவர். பிறகு கம்பெனியே அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, 1698இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தலைவராக அனுப்பியது. 1709 வரை அவர்தான் சென்னையின் ஆளுநர். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தவர். 1708இல் அதே தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனிக்குப் பெற்றுக்கொண்டவர். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்திலிருந்து வந்த 410 காரட் வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 48,000 வராகனுக்கு அவர் வாங்கியதும் சென்னையில்தான். 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு அதை விற்றார். அந்த வைரத்தை விற்ற பணத்தில் ஓல்ட் சேரத்தை வாங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே அது பொருந்தாது. வைரப் பணம் கார்ன்வாலில் போகொனோக் என்ற பெரும் பண்ணையாக மாறியது. ஓல்ட் சேரம் அதற்கு முந்தைய வணிகப் பணத்தில் வந்தது. எப்படியானாலும், தந்தை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி செய்துகொண்டிருந்தபோதே 1705இல் மகன் ராபர்ட் ஓல்ட் சேரத்தின் உறுப்பினராக லண்டனில் உட்கார்ந்தார் என்பது உறுதியான செய்தி.

அந்த ராபர்ட்டின் மகன்தான் வில்லியம் பிட். ஏழாண்டுப் போரை நடத்தி பிரிட்டனைப் பேரரசாக்கியவர், பின்னாளில் பிரதமர். 1735இல் ஓல்ட் சேரத்திலிருந்துதான் அவர் சபைக்குள் நுழைந்தார். அவருடைய அண்ணன் தாமஸ் இரண்டு தொகுதிகளில் தேர்வாகியிருந்தார். ஓகாம்ப்டனை வைத்துக்கொண்டு ஓல்ட் சேரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். இத்தகைய தொகுதிகள் இருந்ததால்தானே பிட் போன்ற திறமைசாலிகள் இளவயதில் சபைக்கு வர முடிந்தது என்று அந்தக் காலத்தில் வாதாடியவர்கள் உண்டு. இன்றும் சில வரலாற்றாசிரியர்களிடம் அதன் எதிரொலியைக் கேட்கலாம். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1747இல் அதே பிட் ஓல்ட் சேரத்தை விட்டு சீஃபோர்டுக்குப் போனதைப் பாருங்கள். அண்ணன், அரசாங்கத்தை எதிர்த்த வேல்ஸ் இளவரசரின் அணியில் இருந்தார். தம்பியோ அரசாங்கத்தில் பதவி ஏற்றுவிட்டார். வாக்காளர்களுக்கு அவர்மேல் குறை என்று எதுவும் இருந்திருக்க வழியில்லை, ஏனென்றால் வாக்காளர்கள் என்று தனியாக யாருமே இல்லை. உடன்பிறந்தவர்கள் வேறு வேறு அணிக்குப் போனால் நாட்டின் மிகச்சிறந்த பேச்சாளருக்குக்கூட இடம் மாற வேண்டியிருக்கும் என்றால், அந்த முறை திறமையைப் பேணியது என்று எப்படிச் சொல்வது? அதன் பலனை அனுபவித்த பிட்டே 1766இல் இத்தகைய பரோக்களை, அதாவது உறுப்பினர் அனுப்பும் ஊர்த் தொகுதிகளை, அரசமைப்பின் அழுகிய பகுதி என்று சபையில் சொன்னார். நூறாண்டு தாங்காது, தானாக விழாவிட்டால் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் என்றார். 66 ஆண்டுகள் தாங்கியது.

1802இல் பிட் குடும்பம் ஓல்ட் சேரத்தைக் கால்டன் பிரபுவுக்கு 60,000 பவுனுக்கு விற்றது. நிலத்திலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த வருமானமோ சில நூறு பவுன்தான். மீதி விலை முழுவதும் இரண்டு உறுப்பினர்களுக்கானது. வாங்கியவருடைய பெயர் டு ப்ரே அலெக்சாண்டர். அவருடைய தந்தை இந்தியாவில் கம்பெனிப் பணியில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவருடைய அத்தையின் கணவர் ஜோசியா டு ப்ரே 1770 முதல் 1773 வரை சென்னையின் ஆளுநர். ஆக, அந்த மேடு சென்னை ஆளுநர் ஒருவரின் வாரிசுகளிடமிருந்து இன்னொரு சென்னை ஆளுநரின் உறவினரிடம் போய்ச் சேர்ந்தது. கடைசி வரை அங்கிருந்து சபைக்குப் போனவர்களில் ஒருவரான ஜோசியா டு ப்ரே அலெக்சாண்டர் கம்பெனியின் இயக்குநராகவும் இருந்தார்.

இது ஒரு குடும்பத்தோடு நின்ற கதையும் இல்லை. அதே வில்ட்ஷயரில் கிரிக்லேடு என்ற சிற்றூர்த் தொகுதியிலிருந்து 1780இல் சபைக்குப் போனவர் பால் பென்ஃபீல்டு. சென்னைக்குக் கட்டடப் பணியாளராக வந்து, கோட்டை மதில் ஒப்பந்தத்தில் சம்பாதித்து, ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்தவர். அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சலின்மேல் தனக்குப் பாத்தியதை உண்டு என்று அவர் கேட்டதும், அதை மறுத்த ஆளுநர் பிகட் பிரபு 1776இல் தன் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே சிறைபிடிக்கப்பட்டுக் காவலிலேயே இறந்ததும் நம் ஊர் வரலாறு. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நவாப் கடன்களைப் பற்றி ஆற்றிய பேருரையில், பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களைச் சபைக்குள் கொண்டுவந்தார் என்று குற்றம் சாட்டினார். அந்தக் கடன்கள் உண்மையானவைதானா என்று விசாரிக்காமலேயே, ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன், நவாபின் ஆட்சியில் இருந்த கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்து ஒதுக்க அரசாங்கம் உத்தரவிட்டிருந்தது. ஹைதர் அலியோடு நடந்த போரிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் ஊர்கள் பாழாகிக் கிடந்த நேரம் அது. தஞ்சாவூரில் நாற்று நட்டவருக்கும் ஆர்க்காட்டில் வரி கட்டியவருக்கும் லண்டன் சபையில் ஒரு குரலும் கிடையாது. அவர்கள் கட்டிய வரியிலிருந்து எடுத்த பணத்துக்கு வில்ட்ஷயரில் இடம் கிடைத்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எழுதுவது அரிது என்பதில் வருத்தமும் உண்டு.

வில்ட்ஷயர் என்ற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் அன்று 34 உறுப்பினர்கள் இருந்தார்கள். நூற்பாலைகளால் நிறைந்துகொண்டிருந்த லங்காஷயர் முழுவதற்கும் 14 பேர். மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினரே இல்லை. அங்கே 1819இல் பீட்டர் மைதானத்தில் பிரதிநிதித்துவம் கேட்டுக் கூடிய பெருந்திரளின் மேல் குதிரைப்படையை ஏவினார்கள், பலர் மாண்டார்கள். 1831 மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, அயல்நாட்டிலிருந்து ஒருவர் வந்து இந்நாட்டின் பிரதிநிதித்துவத்தைக் காண விரும்பினால் அவரை ஒரு பச்சை மேட்டுக்கு அழைத்துப்போய், இது இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றார். மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 302க்கு 301 என்ற ஒரே வாக்கில் நிறைவேறியது. அது நிறைவேறாமல் போய், அடுத்து வந்த மசோதாவை அக்டோபரில் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. பிரிஸ்டலும் நாட்டிங்காமும் பற்றியெரிந்தன. 1832 ஜூன் 7 அன்றுதான் சட்டமானது. ஓல்ட் சேரம் உள்ளிட்ட 56 பரோக்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது பலரும் கண்டுகொள்ளாத ஒரு செய்தி: பறிக்கப்பட்ட தொகுதிகளுக்கு இழப்பீடு எதுவும் தரப்படவில்லை. அதற்கு முந்தைய பெரிய திட்டங்களில் அப்படி இருக்கவில்லை. 1785இல், வில்லியம் பிட்டின் மகனும் அன்றைய பிரதமருமான இளைய பிட் கொண்டுவந்த திட்டம் 36 பரோக்களை 10 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கிவிடுவதாக இருந்தது. அதுவும் 248க்கு 174 என்ற கணக்கில் தோற்றது. 1800இல் அயர்லாந்தை இணைத்தபோது நீக்கப்பட்ட ஒவ்வொரு பரோவுக்கும் 15,000 பவுன் உடைமையாளருக்குக் கொடுக்கப்பட்டது. 1832இல் கால்டன் பிரபுவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 60,000 பவுனில் வாங்கிய பொருள் ஒரு கையெழுத்தில் மறைந்தது. பிரதிநிதித்துவம் யாருடைய சொத்தும் ஆகாது என்று அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தருணம் அதுதான் என்பது என் துணிபு. வாக்குரிமை விரிந்தது அளவில் சிறியதே. பெண்களைச் சட்டத்தின் சொற்களே வெளியே நிறுத்தின. ரகசிய வாக்கெடுப்பு 1872 வரை வரவில்லை. ஆனாலும் இழப்பீடு மறுக்கப்பட்டதை நான் அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய செயலாகக் கருதுகிறேன்.

அந்தத் துணிவு இங்கிலாந்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது. சீர்திருத்தத்துக்குப் பின் கூடிய அதே சபை 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் தராமல், அவர்களை வைத்திருந்த எசமானர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அதே ஆண்டில் கம்பெனியின் வணிக உரிமையை முடித்துவைத்த பட்டயச் சட்டம், கம்பெனியின் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் பத்தரை சதவீதம் ஈவுத்தொகையை உறுதிசெய்து, அதை இந்தியாவின் வரி வருவாயிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று விதித்தது.