எந்த அம்மா ‘மகனே’ என்று கூப்பிடுகிறார்?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அண்மையில் ஒரு கேள்வி கேட்டேன். ஐபிஎல் ஆட்டங்களுக்கு நடுவே வரும் விளம்பரங்களில் தமிழில் பேசப்பட்ட ஒரு வரியாவது நினைவில் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். மெட்டுகளை முணுமுணுத்தார்கள், எந்த வீரர் எந்தப் பொருளுக்கு வருகிறார் என்பதை மளமளவென்று அடுக்கினார்கள். ஆனால் ஒரு முழுத் தமிழ் வரி யார் வாயிலிருந்தும் வரவில்லை. கடலூரில் தமிழாசிரியராக இருக்கும் எனக்கு அது பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கிரிக்கெட் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை என்னுடையது. அவற்றை நான் ஒருபோதும் இடையூறாக நினைத்ததில்லை.

1996 உலகக் கோப்பையைத் திருப்பாப்புலியூரில் பக்கத்து வீட்டுக் கூடத்தில், இருபது பேருக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கோகோ-கோலா அந்தப் போட்டியின் அதிகாரபூர்வ பானமாக இருந்தது. இதில் அதிகாரபூர்வம் என்று எதுவும் இல்லை என்னும் பொருள்பட பெப்சி ஓர் ஆங்கில வாசகத்தை வைத்து அதைச் சீண்டியது. அந்தச் சீண்டலின் சுவை அன்று எங்கள் கூடத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே விளங்கியது. ஆனால் 1994இல் வந்த டெய்ரி மில்க் சாக்லேட் விளம்பரத்தை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் நிற்கும் மட்டையாளர் சிக்சர் அடிக்கிறார், பூப்போட்ட உடை அணிந்த பெண் காவலரை ஏய்த்துவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருகிறாள். பின்னணிப் பாட்டு இந்தியில் இருந்தால் என்ன, அவள் மகிழ்ச்சி எங்களுக்கு அப்படியே வந்து சேர்ந்தது. அதே விளம்பரத்தை 2021இல் மாற்றி எடுத்தார்கள். இந்த முறை ஆடுகளத்தில் நின்றவள் பெண், துள்ளிக்கொண்டு ஓடி வந்தவன் ஆண். அதற்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

சென்னை நிறுவனமான எம்ஆர்எஃப், டெண்டுல்கரின் மட்டையில் ஒட்டிய மூன்று எழுத்துகளும் அப்படித்தான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாங்கள் ஆடிய மட்டை தச்சுப்பட்டறையில் செதுக்கி வாங்கியது. அதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அந்த எழுத்துகளை எழுதியிருந்தோம். வியர்வை பட்டு மை கையில் ஒட்டும், மறுநாள் திரும்ப எழுதுவோம். டயர் விற்கும் நிறுவனம் அது என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கிரிக்கெட் விளம்பரத்துக்கு வேறு எந்த நிகழ்ச்சிக்கும் இல்லாத இயல்பு ஒன்று உண்டு. ஆறு பந்துகள் முடிந்ததும் ஓர் இடைவெளி, விக்கெட் விழுந்தால் இன்னோர் இடைவெளி என்று ஆட்டமே அதற்கு இடம் விட்டுக்கொண்டு போகிறது. ஐபிஎல் போட்டியில் இன்னிங்சுக்கு இரண்டாக, இரண்டரை நிமிட ‘டைம் அவுட்’ வேறு. பத்து வினாடிக்கு இவ்வளவு என்றுதான் அந்த நேரத்தை விற்கிறார்கள். ஆகவே ஒரே படம் ஒரே இரவில் பல முறை வந்துவிடுகிறது. நன்றாக எடுத்த படம் அந்த மறுபடியும் மறுபடியுமான ஓட்டத்தில் தாலாட்டுபோல மனத்தில் படிந்துவிடும், மோசமான படம் தலைவலியாகிவிடும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்தவர்கள் 2009இல் வோடஃபோனுக்காக ‘ஜூஜூ’ படங்களை எடுத்தவர்கள்தாம். ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன அந்த ஆண்டில், ஓகில்வி விளம்பர நிறுவனத்துக்காக இயக்குநர் பிரகாஷ் வர்மா அவற்றைக் கேப் டவுனில் எடுத்தார். ஒரே படத்தை அரைத்த மாவாக அரைக்காமல் ஏறத்தாழ முப்பது குறும்படங்களை எடுத்து, போட்டி நடந்த நாள்களில் புதிது புதிதாக விட்டார்கள். முட்டைத் தலையும் குச்சிக் கைகால்களுமாக வந்த அந்த வெள்ளை உருவங்களைக் கணினியில் வரைந்தவை என்றே நாங்கள் நம்பினோம். உண்மையில் உள்ளே இருந்தவர்கள் உடல் முழுவதும் மூடிய உடை போட்ட மனிதர்கள். அவர்கள் பேசியது எந்த மொழியும் இல்லை, வெறும் கீச்சொலி. அதனாலேயே லக்னோவில் சிரித்த அதே நொடியில் எங்கள் கடலூர் முதுநகரிலும் சிரித்தார்கள்.

இந்தி தெரியாத ஊரில் நிலைத்த விளம்பரங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் அவை பேசாமல் நடந்தவை, அல்லது அவற்றின் பேச்சு நமக்குத் தேவைப்படாதவை. 2015 உலகக் கோப்பையில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்துக்கான ‘மௌக்கா மௌக்கா’ விளம்பரம் வந்தபோது தெருப்பிள்ளைகள் எல்லாரும் அதைப் பாடினார்கள். “அப்படின்னா என்னப்பா?” என்று எங்கள் எதிர்வீட்டு அத்தை கேட்டார். “வாய்ப்பு என்று அர்த்தம் அத்தை” என்று சொன்னேன். 1992 முதல் பட்டாசுப் பெட்டியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் வெற்றிக்காகக் காத்திருக்கும் ரசிகனின் கதையை அதன் பிறகுதான் அவர் முழுமையாக ரசித்தார்.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபோது இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று மனதார நம்பினேன். வர்ணனையைப் பொறுத்தவரை தீர்ந்தது. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் ஆர்.ஜே. பாலாஜியும் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோலப் பேசியது புதிய இன்பம். ஆனால் ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததும் திண்ணை காணாமல் போய்விடுகிறது. திரையில் ஓர் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “மகனே, சாப்பிட வா” என்கிறார். கடலூர் மாவட்டத்தில் எந்த அம்மா பிள்ளையை அப்படிக் கூப்பிடுகிறார்? தம்பி என்பார், சாமி என்பார், கண்ணு என்பார், கோபம் வந்தால் டேய் என்பார். ‘பேட்டா’ என்ற இந்திச் சொல்லை அகராதியில் பார்த்துத் தமிழாக்கினால் ‘மகனே’ வரும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. நம் வீட்டில் அப்படி ஒரு குரல் இல்லை, அவ்வளவுதான்.

காரணம் தெரியாமல் நான் குறை சொல்லவில்லை. மும்பையில் ஒரு முறை படம் எடுத்துவிட்டு, பல மொழிகளில் குரலை மட்டும் மாற்றுவது சிக்கனம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கின்றன. அந்தப் பணத்தை மீட்க வேண்டிய ஒளிபரப்பில் வினாடிகள் விலை உயர்ந்தவை. தமிழில் எழுதுபவருக்குக் கிடைப்பதோ இந்தி உதடுகள் திறந்து மூடும் அளவு மட்டுமே. அந்த அளவுக்குள் எவ்வளவு தேர்ந்த எழுத்தாளரும் ‘சாமி, வாய்யா’ என்று உயிரோடு எழுத முடியாது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆட்டத்துக்கு நடுவே பல கோடி செலவழிக்கும் நிறுவனங்கள், தமிழ் ஒளிபரப்புக்கென்று ஒரே ஒரு படத்தைத் தமிழிலேயே யோசித்து எடுக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம். உள்ளூர் கேபிளில் முன்பு ஓடிய புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடை விளம்பரத்தில் படம் நடுங்கும், ஒலி கரகரக்கும், ஆனாலும் “தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?” என்ற அந்தக் குரல் நம் வீட்டுக் குரலாக இருந்தது.

தமிழில் சொன்னால் தமிழ்நாட்டைத் தாண்டாது என்று யாரும் வாதிட வேண்டாம். ‘விசில் போடு’ என்ற சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் முழக்கத்தைத் தமிழ் ஓர் எழுத்தும் அறியாதவர்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சொல்கிறார்கள். அவர்களுக்காக யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்தக் கேள்விக்கு மறுவாரம், பத்து வினாடியில் ஒரு கிரிக்கெட் விளம்பரம் எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆட்டம் முடியும் நேரம். அப்பாவின் ஃபைபர் படகு கரையை விட்டுத் தூரம் போய்விட்டது, கைபேசியில் சிக்னல் இல்லை. அவர் படகில் எழுந்து நின்று, “என்னாச்சு?” என்று கத்துகிறார். அலைச்சத்தத்தில் பதில் கேட்காது என்பதால், மகன் மணலில் நின்று நடுவர் சிக்சருக்குக் காட்டுவதுபோல இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்குகிறான். படகில் இருக்கும் எல்லாரும் கைகளைத் தூக்குகிறார்கள்.

எந்தப் பொருளுக்கான விளம்பரம் என்று கேட்டேன். “அதை இன்னும் யோசிக்கல ஐயா” என்றான்.